சுரங்களை ஏட்டில் ஏற்றிய எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர்

மலையகப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாகப் பயிலும் பிள்ளைகளின் கொப்பியைத் திறந்து பார்த்தால் ஸ, ரி, க, ம என்ற எழுத்துக்களும், அவற்றின் மேலும் கீழும் புள்ளிகளும், இடையிடையே நிமிர்ந்த கோடுகளும் காணப்படும். பெற்றோருக்கு அவை பெரும்பாலும் விளங்குவதில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும், வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கும் இந்த அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் பிள்ளைகள் அவற்றை மனனம் செய்து விடுகின்றனர். ஆனால் இவை எங்கிருந்து வந்தன, இவற்றை அச்சில் கொண்டுவர எத்தனை பேர் கண்ணையும் கைப்பொருளையும் செலவழித்தனர் என்பது பாடப் புத்தகத்தில் ஓரிரு வரியோடு முடிந்து விடுகிறது. அந்த வரியில் தவறாது இடம்பெறும் பெயர் எட்டயபுரம் பிரம்மஸ்ரீ சுப்பராம தீட்சிதர் (1839 - 1906) என்பதாகும்.

எட்டயபுரம் அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு ஜமீன். இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. மலையகத்துக்குக் கோப்பி காலத்திலும் தேயிலை காலத்திலும் வந்த மூதாதையருள் ஒரு பகுதியினர் அதே கரிசல் மண்ணின் சுற்றுவட்டாரங்களிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி வந்தவர்களே. ஆகவே தீட்சிதரின் ஊர் இங்குள்ளவர்களுக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. 1885இல் புகையிரதம் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயா வரை வந்து சேர்ந்த வேளையில் அவருக்கு வயது 46. பிற்காலத்தில் அவர் புகழை நிலைநாட்டிய நூலை அவர் அப்போது எழுதத் தொடங்கவே இல்லை.

அவர் பிறந்த குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூரில் அவதரித்தவர். அவருடைய தந்தையார் இராமசுவாமி தீட்சிதர். தம்பியர் சின்னசுவாமி, பாலுசுவாமி என இருவர். பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1858) சென்னையை அடுத்த மணலியில் குடும்பத்தினர் வாழ்ந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அவ்வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியவர். இன்று கச்சேரி மேடைகளில் வயலின் இல்லாமல் பாட்டு இல்லை. அது மேற்கிலிருந்து வந்தது என்ற நினைவே பலருக்கு வருவதில்லை. பாலுசுவாமி பின்னர் எட்டயபுரம் அரண்மனையில் ஆஸ்தான வித்துவானாக அமர்ந்தார். தம்பியைக் காண வந்த முத்துசுவாமி தீட்சிதர் அங்கேயே தங்கி, 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று அம்பிகையின் திருவடியடைந்தார். அவரது சமாதி இன்றும் எட்டயபுரத்தில் இருக்கிறது.

அதற்கு 4 ஆண்டுகள் கழித்து, 1839இல், பாலுசுவாமி தீட்சிதரின் மகள் அன்னபூரணி அம்மாளுக்கும் சிவராமையருக்கும் மகனாகத் திருவாரூரில் பிறந்தவரே சுப்பராம தீட்சிதர். பாலசுப்பிரமணிய சர்மா என்பது பெற்றோர் இட்ட பெயர். பாலுசுவாமி தீட்சிதர் தம் பேரனையே சுவீகாரப் புத்திரனாக ஏற்றுக்கொண்டார். பாட்டனார் தந்தையானார், தந்தையே குருவுமானார். முத்துசுவாமி தீட்சிதரைச் சுப்பராமர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவருடைய கிருதிகளைக் கூடப் பிறந்தவரின் வாயிலிருந்தே நேரே கேட்டுப் பாடம் செய்யும் பேறு கிடைத்தது. பாட்டுடன் வீணையும் பயின்றார். இலக்கியக் கல்வியை விளாத்திகுளம் கிருஷ்ணையரிடம் பெற்றார் என்பர்.

இளமையில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே தம் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். 17 வயதில் தர்பார் ராகத்தில் ஒரு தான வர்ணம் இயற்றி அரசர் முன் பாடினார். கேட்டவர்கள் மகிழ்ந்தாலும் சிலருக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளைக்குப் பாட்டனார் செய்து கொடுத்திருப்பார் என்று முணுமுணுத்தனர். அரசர் அதனைத் தீர்த்து வைக்க, வேறொரு ராகமாகிய யமுனா கல்யாணியில், கடுமையான நிபந்தனைகளோடு ஒரு ஜதிஸ்வரம் இயற்றும்படி கூறினார். இளைஞர் அதனையும் செய்து காட்டினார். சபையினர் வாய் அடங்கியது. 19ஆம் வயதில் அரண்மனை வித்துவான் பதவியும் வந்து சேர்ந்தது. அதன் பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் வாழ்க்கை அரண்மனை, ஆலயம், வீணை, மாணாக்கர் என்று அமைதியாகவே கழிந்தது. வர்ணங்களும் கிருதிகளும் சௌக்க வர்ணங்களும் ராகமாலிகைகளும் இயற்றினார். இத்தோடு நின்றிருந்தால் அவர் ஒரு ஜமீன் வித்துவான் என்ற அளவில் மறக்கப்பட்டிருப்பார்.

கதையின் திருப்பம் சென்னையிலுள்ள ஓர் அரசாங்கக் காரியாலயத்திலிருந்து வருகிறது. சென்னை அரசாங்கச் செயலகத்தில் சூப்பிரிண்டெண்டாகக் கடமையாற்றியவர் ஏ. எம். சின்னசாமி முதலியார், எம்.ஏ. சமயத்தால் கத்தோலிக்கர். மேனாட்டு இசையும் நன்கு அறிந்தவர். பகல் முழுவதும் கோப்புகளோடு போராடி விட்டு, மாலையும் இரவும் தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளை ஐரோப்பியரின் ஐந்து கோட்டு முறையில் எழுதுவதே அவருடைய தொண்டாக இருந்தது. இதற்காக வாலாஜாபேட்டைச் சிஷ்ய பரம்பரையினரிடம் பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1892 - 93 ஆண்டுகளில் அதனை நூலாகவும் வெளியிட்டார். கீழைத்தேய சங்கீதத்தை உலகத்தார் அனைவரும் படிக்கும் எழுத்தில் வைத்துவிட வேண்டும், இல்லையேல் அது வித்துவான்களோடு சேர்ந்து மறைந்து போகும் என்பது அவருடைய கவலை. பாடல்கள் தெய்வத்தின் மீது அமைந்த இந்துப் பாடல்கள், எழுதியவரோ கிறிஸ்தவர். அவருக்கு அது ஒரு தடையாகத் தோன்றியதாகத் தெரியவில்லை. சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர் ஒருவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு இப்படியொரு காரியத்தில் இறங்கினால் முடிவு என்னவாகும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கைப்பொருள் கரைந்தது. இரவு வேலையால் கண் பார்வையும் மங்கியது.

தியாகராஜர் பாடல்களைச் சேகரித்த முதலியாருக்கு முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளும் வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. அவற்றைச் சுத்தமான பாடத்தோடு அறிந்தவர் எட்டயபுரத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சுப்பராம தீட்சிதரைச் சென்னைக்கு வரவழைத்துத் தம்மோடு இருத்திக்கொண்டு எழுத முற்பட்டார். ஐந்து கோட்டு முறை சிறந்த முறைதான். கி.பி. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்த கீதோ என்னும் துறவி தேவாலயப் பாடகர்களுக்காக வகுத்த வழியிலிருந்து அது வளர்ந்தது. சுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அது கண்ணுக்குப் படமாகவே காட்டிவிடும். ஆனால் கர்நாடக சங்கீதத்தில் ஒரு சுரம் கல்லில் அறைந்த ஆணி போல நிற்பதில்லை. அது அசையும், வழுக்கும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு மீளும். இந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். கமகத்தை எடுத்துவிட்டால் தோடி ராகம் தோடியாக இராது. ஐந்து கோட்டில் புள்ளி வைத்த மாத்திரத்தில் அது அகப்படுவதில்லை.

எனவே வேறு வழி தேட வேண்டியதாயிற்று. 1899இன் இறுதியில் எட்டயபுரத்தில் ஜகத்வீர ராம வெங்கடேசுவர எட்டப்ப மகாராஜாவின் பட்டாபிஷேகம் நடைபெற்றது. பார்வை குன்றிய நிலையிலும் முதலியார் அங்கு பிரயாணம் செய்து, தீட்சிதரிடம் உள்ள சங்கீதச் செல்வம் முழுவதையும் அச்சிட்டு உலகுக்கு உதவ வேண்டும் என்று அரசரிடம் விண்ணப்பித்துக் கொண்டார். தம் பெயரால் நூல் வர வேண்டும் என்றோ, தாம் எழுதிய முறைதான் கையாளப்பட வேண்டும் என்றோ அவர் நிற்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அரசர் ஏற்றுக்கொண்டு தீட்சிதருக்குக் கட்டளையிட்டார். தீட்சிதருக்கு அப்போது 60 வயது. நூல் முழுமையாக அச்சேறி வருவதைப் பார்க்க முதலியார் உயிரோடிருக்கவில்லை.

அக்காலத்தில் வித்தை என்பது குடும்பச் சொத்து. குருவின் வீட்டில் பல ஆண்டுகள் பணிவிடை செய்தவனுக்கே ஓரிரு அபூர்வ கிருதிகள் கிடைக்கும். வேங்கடமகியின் கீதங்கள் போன்றவை இன்னும் இரகசியமாகப் போற்றப்பட்டவை. இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தில் போட்டுவிட்டால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்? அரண்மனையை அண்டி வாழும் ஒரு வித்துவானுக்கு இது சிறிய கேள்வியன்று. ஆயினும் அவர் எழுதத் தொடங்கிய பின் எதனையும் ஒளித்து வைத்தவராகத் தெரியவில்லை. 4 ஆண்டுகள் உழைத்து, 1904இல் எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்தில் பதிப்பித்து வெளியிடப்பட்ட அந்த நூலே சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. சுமார் 1,700 பக்கங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. அவற்றோடு கீதங்கள், தானங்கள், வர்ணங்கள், சஞ்சாரிகள், ஒவ்வொரு ராகத்துக்கும் இலக்கணம், மேலும் 76 பெரியோரின் வாழ்க்கைக் குறிப்புகள். முத்துசுவாமி தீட்சிதருக்குத் திருத்தணிகையில் முருகப் பெருமான் முதியவர் வடிவில் வந்து வாயில் கற்கண்டு இட்ட வரலாற்றைச் சங்கீத உலகம் அறிந்ததும் அவர் வழி வந்த இத்தகைய குறிப்புகளாலேயே.

இந்த நூல் வெளிவந்த சூழலில் இன்னொரு விசேடமும் உண்டு. எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் காசியிலிருந்து திரும்பி 1902 முதல் 1904 வரை அதே அரண்மனையில் பணியில் இருந்தார். 20 வயதைக் கடந்த கவிஞரும், 60ஐக் கடந்த வித்துவானும் ஒரே சிற்றூரில், ஒரே அரசரின் சபையில் இருந்த நாட்களில்தான் அச்சுக்கூடத்தில் அந்தப் பக்கங்கள் கோக்கப்பட்டுக் கொண்டிருந்தன. பாரதியார் அரண்மனை வாழ்வை விரும்பவில்லை, விட்டுச் சென்றார். ஆனால் தீட்சிதரிடம் அவருக்கிருந்த மதிப்பு குறையவில்லை.

இனி, அச்சில் சங்கீதத்தை வாசிப்பது எப்படி என்பதற்கு வருவோம். பிள்ளைகளுக்கு இது வகுப்பில் சொல்லப்படுவதுதான், எனினும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. சுரங்கள் ஏழு: ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்திமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். இவற்றின் முதலெழுத்துக்களே ஸ, ரி, க, ம, ப, த, நி. ஸ, ப இரண்டும் மாறாதவை. மத்திமம் 2 வகை, மற்றைய நான்கும் 3 வகை வீதம் 12. ஆக 16 பெயர்கள். ஆனால் ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குள் 12 கட்டைகள்தான் உள்ளன. காரணம், 4 இடங்களில் ஒரே கட்டைக்கு இரண்டு பெயர். உதாரணமாகச் சதுஸ்ருதி ரிஷபம் ஒலிக்கும் இடமும் சுத்த காந்தாரம் ஒலிக்கும் இடமும் ஒன்றே. ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயரிலும் பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயரிலும் அழைப்பது போல என்று எண்ணிக்கொள்ளலாம். எந்த ராகத்தில் எந்த வகை வரும் என்பதைப் பாடலின் தலைப்பிலே, ராகத்தின் பெயரோடும் மேளகர்த்தாவோடும் குறித்து விடுவார்கள். மேளங்கள் 72. அதனால் பாடலுக்குள் எழுதும்போது ஸ, ரி, க என்று சுருக்கமாக எழுதினாலே போதும்.

புள்ளி ஸ்தாயியைக் குறிக்கும். எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் தார ஸ்தாயி, அதாவது மேல் சுரம். கீழே இருந்தால் மந்திர ஸ்தாயி. புள்ளி இல்லையேல் மத்திய ஸ்தாயி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. தமிழில் மேற்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளம். ஆதலால் மேல் ஷட்ஜத்தைக் கண்டதும் சிறுபிள்ளைகள் அதனை மெய்யெழுத்தாகவே உச்சரித்து விழுங்கிவிடுவர். ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே இதனை எடுத்துச் சொல்லி விடுகின்றனர்.

அடுத்தது காலம். குறில் எழுத்து ஓர் அட்சரம், நெடில் இரண்டு. ஸ என்றால் ஒன்று, ஸா என்றால் இரண்டு. மேலும் நீட்ட வேண்டுமாயின் காற்புள்ளி ஒன்றுக்கு ஓர் அட்சரமும், அரைப்புள்ளி ஒன்றுக்கு இரண்டு அட்சரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். எழுத்துக்களின் மேல் ஒரு படுக்கைக் கோடு இருந்தால் அந்தச் சுரங்கள் இரு மடங்கு வேகம், இரு கோடுகள் இருந்தால் நான்கு மடங்கு. நிமிர்ந்த கோடுகள் தாளத்தின் எல்லைகள். ஒற்றைக் கோடு ஓர் அங்கத்தின் முடிவையும், இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தின் முடிவையும் காட்டும். ஆதி தாளத்தில் ஒரு லகுவும் இரண்டு திருதங்களும் உள்ளன. லகு என்பது ஒரு தட்டும், சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கையும் சேர்ந்து 4. திருதம் என்பது ஒரு தட்டும் ஒரு வீச்சும் சேர்ந்து 2. மொத்தம் 8. ஆகவே ஸரளி வரிசையின் முதல் வரியில் ஸ ரி க ம என்று நான்கு சுரம் முடிந்ததும் ஒரு கோடு, ப த முடிந்ததும் ஒரு கோடு, நி யும் மேல் ஸ வும் முடிந்ததும் இரட்டைக் கோடு வரும். கோடு வந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. அது மைல் கல் போல, பார்த்துக்கொண்டே கடந்து போக வேண்டும். தொடங்குபவர்கள் அனைவரும் செய்யும் பிழை, கோட்டைக் கண்டதும் மூச்சு வாங்குவதுதான்.

ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற இந்த ஒழுங்கைப் புரந்தரதாசர் (1484 - 1564) வகுத்தார் என்பது சம்பிரதாயம். அவை 15ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளையில் அமைந்தவை. அந்த ராகத்தில் ஸ முதல் ம வரையுள்ள இடைவெளிகளும் ப முதல் மேல் ஸ வரையுள்ள இடைவெளிகளும் ஒரே மாதிரியானவை. கீழ்ப் பாதியைப் பழகிய குரலுக்கு மேல் பாதி தானே வந்துவிடும். பழைய ஆசிரியர்களின் சாமர்த்தியம் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

இவ்வளவும் தீட்சிதருக்கு முன்னரே ஓரளவுக்கு அச்சில் வந்திருந்தவைதான். சென்னையில் தச்சூர் சிங்கராசாரியார் சகோதரர்கள் பயிற்சி நூல்களைத் தெலுங்கில் வெளியிட்டிருந்தனர். தீட்சிதர் செய்த புதுமை கமகங்களுக்கு ஒவ்வோர் அடையாளம் வகுத்துச் சுரத்தின் மேலேயே பதித்ததாகும். கம்பிதத்துக்கு நெளிகோடு. ஒரு சுரத்திலிருந்து மேலே வழுக்கும் ஏற்ற ஜாருவுக்கு ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு. ஜண்டை வரிசையில் ஒரே சுரம் இரட்டித்து வரும்போது இரண்டாவது சுரத்தைக் கீழ்ச்சுரம் தொட்டு அழுத்துவது ஸ்புரிதம். அதற்கு முக்கோணமாக மூன்று புள்ளிகள். இறங்கு முகத்தில் வரும் பிரத்யாகதத்துக்கு அதே மூன்று புள்ளிகள் தலைகீழாக. இவை தவிர நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிகை என்பவற்றுக்கும் தனித்தனிக் குறிகள். நொக்கு, கண்டிப்பு, ஒதுக்கல் என்பன நல்ல தமிழ்ச் சொற்கள், வீணைக்காரர்களின் கைவழக்கிலிருந்து வந்தவை. ஒதுக்கல் என்றால் ஒரே மெட்டில் தந்தியை ஒதுக்கி இழுத்து அடுத்த சுரத்தை வரவழைப்பது. வீணையின் மெட்டில் விரல் என்ன செய்கிறதோ அதனைக் காகிதத்தில் வரைந்து விட்டார் என்று சொல்லலாம். வழக்கமான அச்செழுத்துப் பெட்டியில் இல்லாத இந்த அடையாளங்களை வரி வரியாகச் சுரங்களின் தலைமேல் பிசகாமல் கோத்த எட்டயபுரத்து அச்சுக் கோப்பாளர்களின் பொறுமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுடைய பெயர்களைச் சங்கீத வரலாறு பேசுவதில்லை.

பெரிய நூல் வித்துவான்களுக்கானது. அதனோடு நில்லாமல் அடுத்த ஆண்டே, 1905இல், தொடக்க மாணாக்கருக்கென்று பிரதமாப்யாச புஸ்தகம் என்ற நூலையும் தீட்சிதர் வெளியிட்டார். ஸரளி வரிசையிலிருந்து படிப்படியாக ஏறிச் செல்லும் நூல் அது. அதில் அவர் நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் 33ஐச் சேர்த்தது மிகவும் கவனிக்கத்தக்கது. மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழு வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வப் பாடல்கள் அமைத்தார். அவையே நோட்டு ஸ்வரங்கள். ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டிலும் ஒரு பாடல் உண்டு. சந்ததம் பாஹிமாம் என்று தொடங்குவது. இலங்கை சுதந்திரம் பெறுமுன் பாடசாலைகளில் எழுந்து நின்று பாடப்பட்ட அதே மெட்டில் சியாமளா தேவியின் துதி இருக்கிறது என்று கேட்டால் பலர் வியப்பர். இந்த மெட்டுக்களில் கமகம் கிடையாது. சுரங்கள் நேரே நிற்கும். எனவே அச்சைப் பார்த்து முதன்முதலில் பாடிப் பழகும் பிள்ளைக்கு அவற்றை விட இலகுவான பாடம் இல்லை. 66 வயது முதியவர், தம் பெரிய தந்தையாரின் விளையாட்டுப் போன்ற பாடல்களைக் குழந்தைகளுக்கு எனத் தேர்ந்து வைத்தது அவருடைய ஆசிரிய உள்ளத்தைக் காட்டுகிறது.

நூல்களுக்குக் குறையும் உண்டு. அவை தெலுங்கு லிபியில் இருந்தன. தமிழ் எழுத்தில் வல்லின வேறுபாடுகளைக் காட்ட முடியாமையும், பாடல்கள் பெரும்பாலும் வடமொழியிலும் தெலுங்கிலும் இருந்தமையும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் அதன் பலன், எட்டயபுரத்தில் அச்சான நூலைத் தமிழ்நாட்டிலேயே பலரால் வாசிக்க முடியவில்லை. அச்சான பிரதிகளும் நாளடைவில் கிடைத்தற்கு அரிதாயின. சிலர் இன்னொரு குறையும் சொல்வதுண்டு: அடையாளங்கள் மிகுதி, பார்த்தவுடன் பாட இயலாது என்று. அது நியாயமான குறைதான். பாடத் தெரிந்தவருக்கே அந்த ஏடு பேசும், பாடத் தெரியாதவருக்குப் பேசாது. குருவின் வாயிலிருந்து ஒரு கம்பிதத்தைக் கேட்டறியாதவன் நெளிகோட்டைப் பார்த்து எதைப் பாடுவான்? தீட்சிதரும் குருவுக்குப் பதிலாகப் புத்தகத்தைத் தரவில்லை. கேட்ட பாடம் மறந்து போகும்போதும், இரண்டு பேர் இரண்டு விதமாகப் பாடும்போதும், எது பழைய வழி என்று திறந்து பார்க்க ஓர் ஆதாரம் வேண்டும். அதையே தந்தார்.

தோட்டங்களில் இந்தக் கருத்தை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். காமன் கூத்திலும் அர்ச்சுனன் தபசிலும் பாடப்படும் பாட்டுக்களையும், தப்பு வாத்தியத்தில் திருவிழாவுக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று என்று வேறு வேறாக அடிக்கப்படும் அடிகளையும் பெரியவர்கள் செவி வழியாகவே காத்து வந்தனர். பாட்டின் சொற்களைக் கொப்பியில் எழுதி வைத்தவர்கள் உண்டு, மெட்டையும் அடியையும் குறித்து வைத்தவர்கள் அரிது. அந்தந்த வாத்தியார் காலமானதோடு சில அடிகளும் போய்விட்டன. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளுக்கும் 1904க்கு முன் அதே நிலைமைதான் இருந்தது. அவற்றைச் சேர்த்து அறிந்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே, அவர்களுள் சுப்பராம தீட்சிதர் 65 வயதை எட்டியவர்.

1906இல் எட்டயபுரத்தில் அவர் சிவபதம் அடைந்தார். பெரிய நூல் வெளிவந்து 2 ஆண்டுகள், சிறிய நூல் வெளிவந்து ஓராண்டு. சற்றுத் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. பாரதியார் அவருக்கு இரங்கற்பா பாடினார். அது பாரதியார் கவிதைத் தொகுதிகளில் சான்றோரைப் பற்றிய பாடல்களோடு இன்றும் இடம்பெற்றுள்ளது.

அவருடைய மகன் அம்பி தீட்சிதர் என அழைக்கப்பட்ட முத்துசுவாமி தீட்சிதர் (1863 - 1936) பிற்காலத்தில் சென்னைக்குச் சென்று, குடும்பக் கிருதிகளைப் பலருக்கும் கற்பித்தார். இந்திய உச்ச நீதிமன்ற நீதியரசராக விளங்கிய டி. எல். வெங்கடராம ஐயரும், இளம் பருவத்தில் டி. கே. பட்டம்மாளும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பட்டம்மாளின் இசைத்தட்டுக்கள் வழியாகத் தீட்சிதர் கிருதிகள் மேடைக்குப் போகாத சாதாரண மக்களையும் சென்றடைந்தன. குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்ற பழைய கேள்விக்குக் காலம் தந்த விடை இது. புத்தகம் வெளிவந்த பிறகு குடும்ப வித்தைக்கு மதிப்பு குறையவில்லை, தேடி வருவோர் கூடினர்.

தமிழில் அந்தப் பெருநூலைக் கொண்டுவரும் பணியைச் சென்னை மியூசிக் அகாடமி மேற்கொண்டது. முதல் பாகம் 1961இல் வந்தது. கமகக் குறிகளைத் தமிழ் எழுத்தின் மேல் பிசகாமல் பதிப்பது இலேசான வேலையன்று, ஒவ்வொரு பாகத்துக்கும் ஆண்டுகள் பல சென்றன. ஐந்தாவதாகிய இறுதிப் பாகம் வெளிவந்தது 1983ஆம் ஆண்டில், மூல நூல் எட்டயபுரத்தில் அச்சாகி 79 ஆண்டுகளுக்குப் பிறகு.